அம்மா சொன்னதும் அக்கா சொன்னதும்

அத்தியாயம் 11

"நல்லா எழுதியிருக்கே" என்றன அம்மாவின் கைகள்.

அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்கள் வீட்டில் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவார்கள், பாத்திரத்தை உருட்டுவார்கள். அம்மாவிடம் இருப்பது இந்த ஒன்றுதான். அவள் முகம் திரும்பினால் பேச்சு முடிந்தது. எதிரே நின்று எவ்வளவு சைகை காட்டினாலும் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சின்னவள் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் நின்றாள். அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். சின்னவள் இந்தப் பக்கம் வந்தாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். கண்காட்சி அறையின் காவலாளி, தாயும் மகளும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவைத்தார்.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு இந்தப் பலகைக்காகச் சின்னவள் பட்ட பாடு தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம்.

நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான பழைய புகைப்படங்கள். அவற்றின் அடியில் என்றைக்கோ யாரோ எழுதிவைத்த குறிப்புகள். சில குறிப்புகளைப் படித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அந்தச் சொற்களை மாற்றி, படத்தில் இருப்பவர்களையே தேடிப் பிடித்து, "இதில் இருப்பது யார்? என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதும் பிரிவில்தான் சின்னவளுக்கு வேலை. நாளைக் காலை அந்தப் பிரிவின் முதல் கண்காட்சி. இன்றைக்கு, படங்களில் இருப்பவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி.

அம்மா ஒரு படத்தில் இருந்தாள். காதுகேளாத பெண் குழந்தைகளின் பள்ளி விடுதி. வட்டக் கண்ணாடி போட்ட இளம் வார்டன் நடுவே நாற்காலியில். சுற்றிலும் சிறுமிகள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. எல்லோருடைய கையும் முதுகுக்குப் பின்னால்.

பழைய குறிப்பு இப்படி இருந்தது: "விடுதி வார்டனும் அவரது அன்பான பராமரிப்பில் வளரும் ஊமைகளும்."

'ஊமைகள்' என்ற அந்தச் சொல்லை மாற்றத்தான் சின்னவள் இரண்டு வருடமாக மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றாள். வென்றாள். புதுக் குறிப்பு இப்போது பலகையில்:

"விடுதி வார்டனும் காதுகேளாத மாணவிகளும். படம் எடுக்கும்போது அசையாமல் நிற்பதற்காகக் கைகளைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்ன வார்டன், பிறகு எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்ததாக ஒரு முன்னாள் மாணவி நினைவுகூர்கிறார். வலது ஓரத்தில் நிற்கும் சிறுமியின் பெயர் தெரியவில்லை."

அம்மா கடைசி வரியில்தான் விரலை வைத்தாள். 'பெயர் தெரியவில்லை.' அந்த விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கேட்டாள், "நீதானே எழுதினே?"

"ஆமாம்மா" என்றாள் சின்னவள், பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில்.

வந்த பாராட்டைத்தான் முதல் வரியிலேயே பார்த்தோம்.

அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து கூப்பிடவும் முடியாது. ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள் சின்னவள். அம்மா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். பஸ்ஸில் விழுந்து கிடக்கும் யாருடைய குடையையோ எடுத்து ஓரமாக வைப்பதுபோல.

---

"மிட்டாயா?"

பலகைக்கு முன்னால் ஒரு பெண்மணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கைகள் காற்றில் துள்ளின. "எனக்குத் தரவே இல்லையே! எல்லாத்தையும் உங்கம்மா ஒருத்தியே தின்னுட்டாளா?"

அம்மாவோடு விடுதியில் படித்தவள். தையல் கடை வைத்திருந்தவள். இப்போது மகனோடு வேறு ஊரில். காலையில்தான் ரயிலிறங்கி நேராக வந்திருக்கிறாள். சைகையில் அவளுக்குப் பெயர், கன்னத்தில் ஒரு விரலைக் குத்தித் திருகுவது. கன்னக்குழி. சின்னவளுக்குக் கன்னக்குழி அத்தை. படத்திலும் இருக்கிறாள், வார்டனுக்குப் பின்னால்.

"அத்தை, சிரிக்காதீங்க. அம்மா சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

"யார் சொன்னா?"

"அம்மா."

கன்னக்குழியின் சிரிப்பு நின்றது. பலகையை மறுபடி படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவளும் விரலை அங்கேயே வைத்தாள்.

"இந்தப் பொண்ணு பேரு தெரியாதுன்னு உங்கம்மா சொன்னாளா? பொய். எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. அவ சொன்னதை நீ பார்த்தியா?"

"பார்த்தியா" என்ற அந்தச் சைகை, கண்ணிலிருந்து புறப்பட்டுச் சின்னவளின் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

பார்க்கவில்லை.

அதுதான் சின்னவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சாட்சி சொல்வது பெற்ற தாய். பதிவு நடக்கும் அறைக்குள் மகள் இருக்கக் கூடாது, விடியோவைப் பார்க்கக் கூடாது, கண்காட்சி முடிகிறவரை வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, கை திறக்கவும் கூடாது. நாளைக்கு ஒருவரும் "அம்மா என்பதால் சாதகமாக எழுதிவிட்டாள்" என்று விரல் நீட்டக் கூடாது பாருங்கள். பதிவு நடந்த அன்றைக்கு அம்மாவின் சைகையை மொழிபெயர்க்க அக்கா வந்தாள். நீதிமன்றங்களில் சைகை மொழிபெயர்ப்பதுதான் அக்காவின் தொழில். அவளைவிடத் தகுதியான ஆள் யார்? அக்கா வாய்விட்டுச் சொன்னதை ஓர் ஆள் கேட்டுத் தட்டச்சு செய்தார். தட்டச்சு செய்த தாளை வைத்துச் சின்னவள் குறிப்பு எழுதினாள்.

"வீட்டுக்குள்ளயும் ஆபீசா?" என்று அம்மா அப்போது கேலி செய்ததுகூட ஞாபகம் இருந்தது.

கையால் பேசியவளின் சாட்சியத்தைக் காதால் கேட்டு எழுதியிருந்தது அந்தக் காப்பகம். ஒருவர்கூடக் கையைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பிரிவின் வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், 'அவரவர் மொழியில், அவரவர் வாயால்' என்று.

சின்னவள் கன்னக்குழியையும் அழைத்துக்கொண்டு பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனாள்.

---

"சட்டம் போட்டதும் நீ. மீறப்போறதும் நீயா?" என்றார் பிரிவுத் தலைவி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"படத்துல இருக்கிற இன்னொருத்தங்க ஆட்சேபணை சொல்றாங்க மேடம். அவங்களுக்குப் பதிவைப் பார்க்க உரிமை இருக்கு. நான் பக்கத்துல சும்மா இருப்பேன்."

"நீ சும்மா இருப்பே?" தலைவி சாவியை மேஜைமேல் வைத்தார். "போ. கதவைச் சாத்திக்கோ."

திரையில் அம்மா. நல்ல புடவை. தலையை அழுந்த வாரியிருந்தாள். மேஜைமேல் அந்தப் புகைப்படம். அக்கா திரையில் இல்லை. ஒலிபெருக்கியில் குரல் மட்டும். நீதிமன்றத்துக்கே உரிய சுத்தமான, சலனமில்லாத குரல்.

அம்மாவின் கைகள் ஆரம்பித்தன. முதலில் பெயர்கள். ஒவ்வொரு சிறுமியாகத் தொட்டு, சைகைப் பெயரைச் சொல்லி, விரலால் எழுத்துக் கூட்டி. அக்காவின் குரல் பின்னாலேயே வந்தது. எல்லாம் சரி.

பிறகு அம்மா வார்டனைத் தொட்டாள். இரண்டு கண்களின் மேலும் விரலால் வட்டம் போட்டாள்.

"அது வார்டனுக்கு நாங்க வச்ச பேரு. கண்ணாடி" என்று கன்னக்குழி சின்னவளுக்குச் சொன்னாள். "நிஜப் பேரு எங்களுக்குத் தெரியாது. எங்ககிட்டப் பேரு சொல்லணும்னு அவளுக்குத் தோணவே இல்லை."

திரையில் அம்மாவின் கைகள்: "கையால பேசினா அடி. அதுக்கும் அடங்கலைன்னா கையைப் பின்னால கட்டிடுவா. தலைக்குக் கட்டுற ரிப்பனால. படத்துல நாங்க யாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கலை. கட்டிவச்சிருக்கு. படம் எடுக்க வந்தவருக்குத் தெரியும். பார்த்துக்கிட்டேதான் எடுத்தார்."

ஒலிபெருக்கியில் அக்கா: "படம் எடுக்கும்போது அசையக் கூடாதுன்னு கையைப் பின்னால வச்சுக்கச் சொன்னாங்க. அப்புறம் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாங்க."

சின்னவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் விரல் படத்தின் வலது ஓரத்துக்குப் போனது. மூக்கு நுனியில் சுண்டுவிரலை ஆட்டினாள். அந்தச் சிறுமியின் சைகைப் பெயர். பிறகு எழுத்து எழுத்தாக முழுப்பெயர். இரண்டு தடவை. "சாயந்தரம் மாடிப்படியில வரிசையா இறங்கினோம். கட்டின கையோட. இவ தடுக்கினா. கையை ஊன்ற முடியலை. முகத்தாலதான் விழுந்தா. தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் யாரும் அவளைப் பார்க்கலை. அவ கட்டிலை மட்டும் மடக்கி வச்சாங்க. இவ பேரை எழுதணும். அதுக்குத்தான் நான் வந்தேன். எனக்காக வரலை."

அக்காவின் குரல்: "ஓரத்துல நிக்கிற பொண்ணு பேரு ஞாபகம் இல்லை."

கன்னக்குழியின் கண்கள் நிறைந்துவிட்டன. அவளுக்கு ஒலிபெருக்கி கேட்காது. அவள் அழுதது தோழிக்காக. சின்னவள் அழவில்லை. அவள் காதில் ஒன்று, கண்ணில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதிவு இன்னும் முடியவில்லை.

அம்மா நேராக, கேமராவுக்கு வெளியே நிற்கும் பெரிய மகளைப் பார்த்தாள். மறுபடி கண்களின் மேல் இரண்டு வட்டம். "இவ உனக்குத் தெரிஞ்சவதான். உன் மாமியார்."

ஒலிபெருக்கியில் மௌனம். அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு அதே சலனமில்லாத குரல்: "வார்டன் பேரு மறந்துபோச்சு. ரொம்ப நல்லவங்க. அவ்வளவுதான்."

---

நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில், வழக்குக்கும் வழக்குக்கும் நடுவே, அக்கா காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன குட்டி, கோர்ட்டுப் பக்கம்? யாரை வெட்டினே?"

"விடியோ பார்த்தேன்."

கோப்பை உதட்டருகே நின்றது.

"பார்க்க மாட்டேன்னு சொன்னியே" என்றாள் அக்கா.

'எந்த விடியோ' என்று கேட்கவில்லை. 'என்ன ஆச்சு' என்றும் கேட்கவில்லை. சின்னவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மிட்டாய் எங்கேருந்துக்கா வந்துது?"

"மெதுவாப் பேசு."

"அம்மா ஒரு பொண்ணு பேரை எழுத்துக் கூட்டிச் சொல்றாங்க. ரெண்டு தடவை. நீ ஞாபகம் இல்லைங்கிறே. எப்படிக்கா வாய் வந்துது உனக்கு?"

அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனாள். கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் இவர்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

"வாயைப் பத்தி நீ பேசாதே. எனக்கு எட்டு வயசுலேர்ந்து எனக்குன்னு ஒரு வாய் இருந்ததில்லை. பேங்க்ல நான் அம்மா. ஆஸ்பத்திரியில நான் அம்மா. வீட்டுக்காரன் வாடகைக்கு வந்து கத்தினா, அவன் கத்தினதை நான் அம்மாவுக்குச் சொல்லணும், அம்மா திட்டினதை நான் அவனுக்குச் சொல்லணும். அறை யாருக்கு விழுந்துது? எனக்கு. அப்பாவுக்கு வந்த நோய் என்னன்னு டாக்டர் அம்மாகிட்டச் சொல்லச் சொன்னது யாரை? என்னை. பாவாடை போட்ட பொண்ணு நான். அம்மா முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையை எந்தக் கையால சொல்லுவேன்? சொன்னேன். நீ அப்போ உள்ள உக்காந்து பாடம் படிச்சுக்கிட்டிருந்தே. படிடி, நான் பேசிக்கிறேன்னு உன்னை அனுப்பினதும் நான்தான்."

சின்னவளுக்குத் தெரியும். அத்தனையும் உண்மை. கவுன்டருக்குக் கண் எட்டாமல் குதிகாலை உயர்த்தி நின்று பெரியவர்களோடு வாதாடும் அக்காவின் பின்னல் இன்னும் அவள் கண்ணில் இருந்தது.

"அத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை நான் மாத்திச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை. அது என் குடும்பம், குட்டி. உன் மாமாவுக்கு அவங்கம்மான்னா உயிர். என் ரெண்டு பசங்களும் பாட்டி மடியிலதான் வளர்ந்தது. அவங்க எங்க எந்த வேலை பார்த்தாங்கன்னே எனக்குத் தெரியாது. டீச்சர்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். அன்னைக்கு அந்த ரூம்ல அம்மா கை சொல்லுது, உன் மாமியார்னு. அந்த நிமிஷம்தான் எனக்கே தெரியும். காலுக்குக் கீழ தரை இல்லை. வாய் அதுபாட்டுக்கு என்னத்தையோ சொல்லிடுச்சு."

"மிட்டாய் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சேக்கா."

அக்கா ஒரு கணம் தடுமாறினாள். "அந்த முகத்தைப் படத்துல பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். எங்க வீட்டு ஹால்ல அதே வயசுல அவங்க படம் மாட்டியிருக்கே. அடி, கட்டுன்னு அம்மா ஆரம்பிச்சதும் பதறிப்போயிட்டேன்டி."

அதுவும் நம்பும்படித்தான் இருந்தது.

"குறிப்பை மாத்தணும்" என்றாள் சின்னவள். "இன்னைக்கே."

"மாத்து. வேண்டாம்னு சொல்லலை. ஆனா..." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஏன் மாத்தினோம்னு கீழே ஒரு வரி போடுவீங்கல்ல?"

போடுவார்கள். அந்தப் பிரிவின் முதல் விதியே அது. பழைய வரியை அழிக்கக் கூடாது. எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அடியில் கிடக்க வேண்டும். யார் எழுதியது, எப்போது மாறியது, ஏன் மாறியது. 'ஏன்' என்ற கட்டம் காலியாக இருந்தால் கணினி மேலே போகவே விடாது. ஊர் உலகம் மொத்தமும் அதைத் திறந்து பார்க்கலாம்.

"அதுல என்னை எழுதாதே, குட்டி. 'மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னார்'னு ஒரு வரி வெளியே வந்தா, நாளைக்கே இந்தப் படி ஏற முடியாது. அதோட போகாது. நான் வாய் கொடுத்த ஒவ்வொரு கேஸையும் தோண்டுவாங்க. ஜெயிச்சவன் தோத்தவன் எல்லாரும் என்னைத் தேடி வருவான். 'மொழிபெயர்ப்பில் விடுபட்டது'ன்னு போடு. விடுபடறது யாருக்கும் நடக்கும்தானே? கேட்டுக்கிறேன். உன்னை எதுவும் இதுவரைக்கும் கேட்டதில்லை நான்."

உள்ளேயிருந்து டவாலி அக்காவின் வழக்கு எண்ணைக் கூவினான். கோப்பையைக் குப்பையில் போட்டு, கண்ணைத் துடைத்து, உள்ளே போனாள் அக்கா. கதவு மூடுவதற்குள் அவள் குரல் வந்தது. உள்ளதை உள்ளபடி சொல்வதாக உறுதிமொழி எடுக்கும் குரல். சலனமே இல்லாமல்.

சின்னவள் அலுவலகம் திரும்பினாள். குறிப்பை முழுவதும் மாற்றி எழுதினாள். ரிப்பன். மாடிப்படி. மடக்கிவைத்த கட்டில். வலது ஓரத்துச் சிறுமியின் முழுப்பெயர், அம்மா விரல் கூட்டிய அதே எழுத்துகளில். 'ஏன்' கட்டத்தில், "மொழிபெயர்ப்பில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன" என்று தட்டினாள். சேமித்தாள். வெளியிடும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அம்மா முதலில் பார்க்கட்டும். மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

---

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் வேலை இருந்தால் பேச வேண்டியதில்லை. துவைக்காத துணியைக்கூட மடித்துக்கொண்டிருந்தாள் என்பதைச் சின்னவள் கவனித்தாள்.

எதிரில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

அம்மா பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பெயர் அவள் கண்ணில் பட்டுவிட்டது. துணி மடியில் விழுந்தது. வரி வரியாகப் படித்தாள். உதடு அசைந்தது.

"விடியோ பார்த்தியா?"

"இன்னைக்குத்தான். கன்னக்குழி அத்தைதான் பார்க்க வச்சாங்க. எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா. அக்கா சொன்னதைத்தான் எழுதினேன்."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். காதுக்கு வராததெல்லாம் அவளுக்கு முகத்தில்தான் வரும். கடைசியில் தலையசைத்தாள். பிறகு திரையில் கீழே போய், 'ஏன்' கட்டத்தில் விரலை வைத்தாள்.

"விடுபட்டதா?"

"அக்கா பாவம்மா. அந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிஞ்சுதாம். பதறிப்போய்..."

"அப்புறம் ஏன் அவளை அனுப்பினே?"

"நானா?"

"நான் வெளி ஆள்தானே கேட்டேன். பெத்த பொண்ணு வாயில இதை வைக்கக் கூடாதுன்னு, தெரியாத ஆளைப் போடுங்கன்னு கேட்டேன். பெரியவ வந்து, 'ஆபீஸ்ல ஆளே கிடைக்கலை, சின்னவ என்னைத்தான் அனுப்பறா'ன்னு சொன்னா."

சின்னவளின் கைகள் பாதியில் நின்றன. "என்கிட்ட, 'அம்மாவுக்கு நான்தான் வேணுமாம், வெளி ஆள் வேண்டாமாம்'னு சொன்னா. ஏற்பாடு பண்ணின ஆளை நான் வேண்டாம்னுட்டேன்."

"எப்போ சொன்னா?"

"பதிவுக்கு முந்தின வாரமே."

அடுத்ததையும் சின்னவளே கேட்டாள்.

"எழுதினதை உன்கிட்டக் காட்டினாளா? நீ படிச்சுட்டுச் சரின்னு சொன்னதா போன்ல சொன்னாளே?"

"என்னத்தைக் காட்டினா? இன்னைக்குத்தான் பார்த்தேன். சுவத்துல."

அந்த நிமிஷம்தான் தெரியுமாம். காலுக்குக் கீழே தரை இல்லையாம். ஜன்னலோரம் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த முகம், எட்டு வயதிலிருந்து சேர்த்துவைத்த உண்மைகளையெல்லாம் எடுத்து, நடுவில் ஒரு பொய்யைப் பொதிந்து கொடுத்திருக்கிறது. உண்மைகளுக்காகத் தங்கை அதையும் வாங்கிக்கொள்வாள் என்று தெரிந்தே.

"ஆனா அவளுக்கு எப்படிம்மா முன்னாடியே தெரியும்? நீ சொன்னியா?"

"யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்கப்பாகிட்டகூட. பொண்ணு பார்க்க வந்தாங்க. அந்தம்மா வாசல்ல செருப்பைக் கழட்டினா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பெரியவ அந்தப் பையன் மேல உசுரையே வச்சிருந்தா. நான் என்ன பண்ணுவேன்? முழுங்கிட்டேன். அவளுக்கு என்னைத் தெரியலைன்னு நினைச்சேன். எத்தனை பொண்ணுங்க அந்த விடுதியில. என் முகமா ஞாபகம் இருக்கப்போவுது?"

அம்மாவின் கைகள் நின்றன. கண் எங்கோ போனது. ஒவ்வொன்றாக எதையோ எடுத்துப் பார்ப்பதுபோல இருந்தது அந்த முகம்.

"என் பக்கத்துலதான் உக்காருவா" என்றாள் மெதுவாக. "கல்யாணத்துல. பேரன் பொறந்தப்போ. எந்த விசேஷத்துக்குப் போனாலும். வந்து, பக்கத்துல உக்காந்து, என் ரெண்டு கையையும் எடுத்து அவ மடியில வச்சுப் பிடிச்சுக்குவா."

சின்னவளுக்கு நன்றாகவே தெரியும். புகைப்படங்கள்கூட இருந்தன. சம்பந்திகளுக்குள் என்ன ஒட்டுதல் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லும் காட்சி. அக்காகூடப் பெருமையாகச் சொல்வாள், என் மாமியார் அம்மா கையை விடவே மாட்டாங்க என்று.

விடமாட்டாள்தான். விட்டால் பேசிவிடுமே.

அம்மா தன் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாசம்னு நினைச்சுட்டேன்" என்றாள். "ஒருவேளை திருந்திட்டாளோன்னுகூட நினைச்சேன்."

அப்படியென்றால் அந்தம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். கண்காட்சி என்ற பேச்சு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். மருமகளும் தலையாட்டிவிட்டு, தாயிடம் ஒன்று, தங்கையிடம் ஒன்று சொல்லி, வெளி ஆளைத் தள்ளி, வாய் கொடுக்க வந்திருக்கிறாள்.

சின்னவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். 'ஏன்' கட்டத்தில் இருந்ததை அழித்தாள்.

விரல் கொஞ்ச நேரம் விசைகளின் மேலேயே நின்றது. அந்தப் படி ஏறி இறங்கும் அக்கா. வழக்கு எண்ணைக் கூவும் டவாலி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள். இந்த ஒரு வரியில் எல்லாம் போகும்.

தட்டினாள்.

"சாட்சி சைகையில் கூறியதை மொழிபெயர்ப்பாளரான அவரது மூத்த மகள் தெரிந்தே மாற்றிச் சொன்னார். சாட்சியின் கைகளைப் பார்க்காமல் அதை வைத்துக் குறிப்பு எழுதியவர் இளைய மகள். முதல் குறிப்பு கீழே அப்படியே உள்ளது."

அம்மா குனிந்து படித்தாள். மூத்த மகள் என்ற இடத்தில் கண் நின்றது. நகர்ந்தது. இளைய மகள் என்ற இடத்திலும் நின்றது. வேண்டாம் என்று சொல்லுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். ஒரு மூலையில் ஆசையும் பட்டாள். அம்மா எதுவும் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. வெளியாகிவிட்டது.

அம்மா மறுபடி துணியை எடுத்தாள், மடித்தாள். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு அந்தம்மாவுக்கு அழைப்பு போயிருக்கா?"

"இல்லம்மா. படத்துல இருக்கறது யாருன்னே எங்களுக்குத் தெரியாதே."

"இப்போ தெரியுமில்ல? அனுப்பு. என் பேர்ல அனுப்பு. முதல் வரிசையில இடம் போடு. நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன். இந்தத் தடவை அவ கை என் பக்கத்துல இருக்காது."

சின்னவள் நகர்ந்து கிட்டே வந்தாள். அம்மாவின் முழங்காலைத் தொட்டாள். "நான் கூட நிக்கறேம்மா. சட்டமெல்லாம் போகட்டும். நீ சொல்றதை ஒரு சொல் விடாம நான் சொல்றேன்."

அம்மா அவளை நெடுநேரம் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வேண்டாம்" என்றன கைகள். "வெளி ஆளைக் கூப்பிடு."